ஒளிப்படம் திருத்தும் கருவிகள்: ஒரு திறனாய்வு

அரிவாள்மணை அரிகிறது. சல்லடை சலிக்கிறது. தேங்காய்த் துருவி துருவுகிறது. பெயரைக் கேட்டவுடனேயே வேலை விளங்கிவிடுகிறது. கணிப்பொறியில் ஒளிப்படங்களைத் திருத்தப் பயன்படும் மென்பொருள்களில் உள்ள கருவிகளுக்கு இந்தப் பண்பு இல்லை. 'ஷார்ப்பன்' என்று ஒரு கருவி உண்டு. கூர்மையாக்குவது என்று பொருள். அது எதையும் கூர்மையாக்குவதில்லை. 'ஹீல்' என்று மற்றொன்று; புண்ணை ஆற்றுவது என்று பொருள். அது எதையும் ஆற்றுவதில்லை. பக்கத்திலுள்ள தோலை எடுத்து மேலே ஒட்டுகிறது. பிரகாசத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் கருவியோ படத்தில் ஒரு துளி ஒளியைக்கூடப் புதிதாகச் சேர்ப்பதில்லை.

இவ்வளவு கடுமையாகத் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் படம் ஒட்டும் மாணவர் முதல், ஆய்வுக்கூடத்தில் செல்களைப் படம் பிடிப்பவர் வரை எல்லோரும் இன்று இக்கருவிகளைக் கையாளுகின்றனர். இவற்றைக் கற்பிக்கும் நூல்களும் வகுப்புகளும் 'இதைச் சொடுக்கு, அதை இழு' என்று கைவேலையைச் சொல்லித் தருகின்றன. இழுக்கும்போது படத்தினுள் என்ன நிகழ்கிறது என்பதை அவை சொல்வதில்லை. கைவேலை அரை மணி நேரத்தில் பழகிவிடும். உள்ளே நிகழ்வதை அறியாதவர் எத்தனை ஆண்டுகள் இழுத்தாலும் நல்ல படத்தைக் கெடுத்துக்கொண்டே இருப்பார். நான் அப்படிக் கெடுத்த ஒரு படத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மாதிரிக்கு எடுத்துக்கொள்வது 'கிம்ப்' என்னும் மென்பொருள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இருவர் 1995 இல் இதை எழுதத் தொடங்கினர். 1996 இல் முதன்முதலாக வெளியிட்டனர். இதற்குக் காசு கொடுக்க வேண்டுவதில்லை. தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் பெரிதும் நம்பியிருக்கும் ஃபோட்டோஷாப், தாமஸ் நால், ஜான் நால் என்னும் உடன்பிறந்தாரின் ஆக்கம். அடோபி நிறுவனம் அதை 1990 இல் வெளியிட்டது. அதற்குச் சந்தா கட்ட வேண்டும். அடிப்படைக் கருவிகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபடும் இடங்களை மட்டும் ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

எண்களின் அட்டவணை

கணிப்பொறியைப் பொறுத்தவரை ஒளிப்படம் என்பது எண்களின் ஓர் அட்டவணை. கறுப்பு வெள்ளைப் படமானால், ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை. இடைப்பட்டவை சாம்பல் நிறத்தின் படிகள். வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்கள் வேண்டும். அகலத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் உள்ள ஒரு வண்ணப் படத்தில் 3 கோடியே 60 லட்சம் எண்கள் அடங்கியுள்ளன. திருத்தும் கருவி எதுவாயினும் அதனால் செய்ய முடிந்தது ஒன்றே: இந்த எண்களை வேறு எண்களாக மாற்றுவது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பிற யாவும் எளிது.

புதிதாகப் பழகுபவருக்கு முதலில் காட்டப்படும் கருவி 'பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட்', அதாவது பிரகாசமும் மாறுபாடும். படம் இருட்டாக விழுந்துவிட்டதா? பிரகாசத்தை வலப்புறம் இழு. மங்கலாக இருக்கிறதா? மாறுபாட்டை இழு. இரண்டே பொத்தான்கள். இதைவிட எளிது வேறென்ன இருக்க முடியும் என்று தோன்றும். இந்த எளிமைதான் ஏமாற்றுகிறது.

ஃபோட்டோஷாப்பில் 2007 வரை இக்கருவி செய்தது வெறும் கூட்டல். பொத்தானை 80 க்கு இழுத்தால், படத்திலுள்ள ஒவ்வோர் எண்ணுடனும் 80 சேரும். நிழலில் நிற்பவரின் முகம் 90 என்றால் 170 ஆகும், நல்லதுதான். ஆனால் அவருடைய வெள்ளைச் சட்டையைப் பாருங்கள். மடிப்பின் ஒரு பக்கம் 200, மறுபக்கம் 230 என்று கொள்வோம். 80 ஐச் சேர்த்தால் 280 உம் 310 உம் வர வேண்டும். 255 க்கு மேல் எண் கிடையாது. ஆகவே இரண்டும் 255 இல் முட்டி நின்றுவிடும். சட்டையின் மடிப்பு மறைந்தது. சரி, கூட்டியதைக் கழித்துவிடலாம் என்று 80 ஐக் குறைத்தால், இரண்டு பக்கமும் 175 ஆகின்றனவேயொழியப் பழைய 200 உம் 230 உம் திரும்பி வருவதில்லை. கூட்டிக் கழித்தால் பழைய எண் கிடைக்கும் என்று பள்ளியில் படித்தோம். அந்த விதி இங்கே பொய்த்துப் போகிறது! 2007 இல் வந்த சிஎஸ்3 பதிப்பில் இக்கணக்கை மாற்றினார்கள். பழையதே வேண்டும் என்பவருக்காக அதையும் ஒரு தேர்வாக விட்டுவைத்தார்கள்.

கிம்ப் வேறு வகையில் கணக்கிடுகிறது. அதில் பிரகாசத்தைக் கூட்டினால் வெள்ளை முட்டுவதில்லை. மாறாகக் கறுப்பு மேலே ஏறிச் சாம்பலாகிறது. முடியும் கண்மணியும் புகை படிந்தாற்போல் வெளுக்கின்றன. உடனே புதியவர் மாறுபாட்டை இழுக்கிறார். இப்போது இரு முனைகளிலும் எண்கள் முட்டி அழிகின்றன. இப்படி இரண்டு பொத்தான்களுக்கிடையே அல்லாடி, ஒருவாறு கண்ணுக்குப் பிடித்த இடத்தில் நிறுத்துகிறார். எதை இழந்தோம் என்பது அவருக்குத் தெரிவதேயில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிம்ப்பில் இக்கருவிக்கான பெட்டியின் அடியிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது: இதே மாற்றங்களை 'லெவல்ஸ்' கருவியில் வைத்துத் திருத்து என்று அது சொல்கிறது. அதை அழுத்தினால் லெவல்ஸ் திறந்து, நாம் பிரகாசம், மாறுபாடு என்று இழுத்தவற்றை அதன் கணக்கில் காட்டுகிறது. லெவல்ஸில் மேலும் ஒரு பொத்தான், 'கர்வ்ஸ்' என்னும் அதைவிட நுட்பமான கருவிக்கு அழைத்துச் செல்கிறது. அதாவது முதல் கருவி, தனக்கு மேலான அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்று தானே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் அண்ணனையே முதலில் அறிமுகப்படுத்தினால் என்ன?

முதலில் காட்டு, பிறகு கேள்

லெவல்ஸைத் திறந்தவுடன் மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம் தோன்றும். வகுப்பில் மதிப்பெண்களை வைத்து நிகழ்வுச் செவ்வகம் வரைந்திருப்பீர்களே, அதுதான் இது. கிடையாக 0 முதல் 255 வரையுள்ள எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கு மேலும், அந்த எண்ணைக் கொண்ட படப்புள்ளிகள் எத்தனையோ அவ்வளவு உயரம். இருட்டான படமானால் மலை இடப்புறம் குவிந்திருக்கும். வெளுத்துப்போன படமானால் வலப்புறம். வலக்கோடியில் சுவரோடு ஒட்டி ஓர் ஊசிக்கோபுரம் நின்றால், படம் எடுக்கும்போதே வெள்ளைப் பகுதிகள் முட்டி அழிந்துவிட்டன. எந்தக் கருவியாலும் அவற்றை மீட்க முடியாது. இந்தச் செய்தியை வேறெந்த அடிப்படைக் கருவியும் சொல்வதில்லை.

வரைபடத்தின் கீழே மூன்று முக்கோணக் குறிகள்: கறுப்பு, சாம்பல், வெள்ளை. நீலகிரியில் மூடுபனியில் எடுத்த ஒரு படத்தில் மலை 60 இல் தொடங்கி 190 இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. ஆகவேதான் படம் சோகையாக இருக்கிறது. கறுப்புக் குறியை 60 க்கும் வெள்ளைக் குறியை 190 க்கும் நகர்த்தினால், 60 ஆனது 0 ஆகவும் 190 ஆனது 255 ஆகவும் விரிந்துகொள்ளும். படம் பளிச்சென்று எழும்பும். எண் எதுவும் முட்டவில்லை.

இதற்கும் விலை உண்டு. 60 முதல் 190 வரை இருப்பவை 131 எண்கள்தாம். அவற்றை 256 இருக்கைகளில் பரப்பி உட்காரவைத்தால் 125 இருக்கைகள் காலியாகவே கிடக்கும். வரைபடத்தை மீண்டும் திறந்து பார்த்தால் பல் உதிர்ந்த சீப்புப் போலத் தோன்றும். சாதாரணமாகக் கண்ணுக்கு இது தெரியாது. அளவு மீறி விரித்தால் மட்டும், வழுவழுப்பாக இருக்க வேண்டிய வானத்தில் படிக்கட்டு போன்ற பட்டைகள் தோன்றும். 2018 இல் வந்த கிம்ப் 2.10 பதிப்பு முதல், 256 படிகளுக்குப் பதிலாக மிகப் பல படிகளில் வேலை செய்யும் வசதி வந்துவிட்டதால், அத்தகைய படம் நம்மிடம் இருந்தால் இந்தக் குறை வெகுவாகத் தணிகிறது.

நடுவிலுள்ள சாம்பல் குறிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இது இரு முனைகளையும் தொடாமல் நடுப்பகுதியை மட்டும் தூக்குகிறது. அதை 1.5 என்னும் அளவுக்கு நகர்த்தினால் 0 ஆனது 0 ஆகவே இருக்கும்; 255 உம் அப்படியே. ஆனால் 64 ஆனது 101 ஆகும். 128 ஆனது 161 ஆகும். 230 ஆனது 238 மட்டுமே ஆகும். நிழலில் நின்ற முகம் தெளிகிறது. சட்டை மடிப்பும் பிழைத்துக்கொள்கிறது. பிரகாசப் பொத்தானை இழுப்பவர் விரும்பியது உண்மையில் இதைத்தான்.

குறை சொல்லாமலும் இருக்க முடியவில்லை. லெவல்ஸிலேயே 'தானாகச் சரிசெய்' என்றொரு பொத்தானை வைத்திருக்கிறார்கள். அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே கோடிக்குக் கோடி விரித்துவிடுகிறது. மூடுபனிப் படத்துக்கு நன்று. மாலைச் சூரியனையோ குத்துவிளக்கு வெளிச்சத்தில் அமர்ந்த குழந்தையையோ எடுத்த படத்துக்கு அதை அழுத்திப் பாருங்கள்! படத்துக்கே உயிராயிருந்த செம்மஞ்சள் ஒளியைக் கோளாறு என்று கருதித் துடைத்து, குழல்விளக்கின் கீழ் எடுத்ததுபோல் ஆக்கிவிடும். மேலும், இவ்வளவு பயனுள்ள லெவல்ஸைக் கருவிப் பெட்டியில் வைக்காமல் 'கலர்ஸ்' பட்டியலுக்குள் நுழைத்து வைத்திருப்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. கர்வ்ஸ் பற்றி இங்கு விரிக்கவில்லை. லெவல்ஸ் பழகியவருக்கு அது தானே வந்துவிடும்.

வெட்டுதலும் பெரிதாக்கலும்

'கிராப்' கருவி வேண்டாத ஓரங்களை வெட்டுகிறது. ஸ்டூடியோக்களில் 'ட' வடிவ அட்டைகள் இரண்டைப் படத்தின்மீது வைத்து நகர்த்திப் பார்ப்பார்களே, அதே வேலை. பெயருக்கும் செயலுக்கும் பொருத்தமுள்ள கருவி இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் வெட்டியபின் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டும். 4,000 க்கு 3,000 புள்ளிகள் உள்ள படத்தில், தொலைவில் தெரியும் பறவையை மட்டும் 1,000 க்கு 750 என்று வெட்டி எடுத்தால் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட்டால் 13 அங்குல அகலம் வர வேண்டிய படம் 3 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். அதைப் பெரிதாக்கினால், கணிப்பொறி இரு புள்ளிகளுக்கு இடையே சராசரி எண்களை நிரப்புகிறது. இறகுகள் நிரம்பி வருவதில்லை.

அறிவியல் மாணவர் ஒருவருக்கு இதில் கூடுதலான ஓர் எச்சரிக்கை உண்டு. நுண்ணோக்கியில் எடுத்த வெங்காயத் தோல் படத்தின் கீழே '400 மடங்கு' என்று எழுதுவது வழக்கம். படத்தை வெட்டி, பெரிதாக்கி, அட்டையில் ஒட்டிய பிறகு அந்த 400 பொய்யாகிவிடுகிறது. அதற்குப் பதிலாகப் படத்துக்குள்ளேயே, இவ்வளவு நீளம் இத்தனை மைக்ரோமீட்டர் என்று ஓர் அளவுகோலை முதலிலேயே வரைந்துவிட்டால், படம் பெரிதானால் கோலும் சேர்ந்து பெரிதாகும். எத்தனை முறை அளவை மாற்றினாலும் அது பொய் சொல்லாது.

கூர்மை என்னும் மாயம்

ஷார்ப்பன் கருவியைக் கிம்ப்பில் தேடினால், பெயருடன் 'அன்ஷார்ப் மாஸ்க்' என்றும் சேர்த்து எழுதியிருக்கக் காணலாம். கூர்மையாக்கும் கருவிக்குக் கூர்மையற்ற மறைப்பு என்று பெயரா என்று பலர் திகைக்கின்றனர். இப்பெயர் இருட்டறையிலிருந்து வந்தது. ஃபிலிம் நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே கலங்கலான ஒரு பாசிட்டிவ் நகலை எடுத்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிடுவார்கள். பரந்த ஒளி வேறுபாடுகள் ஒன்றையொன்று ஓரளவு தள்ளுபடி செய்துகொள்ள, நுணுக்கங்கள் மட்டும் எடுப்பாக நிற்கும். ஆஸ்திரேலியாவில் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் பணியாற்றிய டேவிட் மாலின், 1970 களில் இம்முறையை வானியல் கண்ணாடித் தட்டுகளுக்குப் பயன்படுத்தி, வான்முகில்களின் பிரகாசமான பகுதிகளில் மறைந்திருந்த நுணுக்கங்களை வெளிக்கொணர்ந்து புகழ்பெற்றார்.

கணிப்பொறி இதையே எண்களால் செய்கிறது. காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு சுவரின் ஓரம் என்று வைத்து, வரிசையாக ஆறு எண்களை எழுதுங்கள்: 100, 100, 100, 200, 200, 200. இப்போது ஒவ்வொன்றையும் அதன் இருபுற எண்களோடு சேர்த்துச் சராசரி எடுங்கள். இரு கோடிகளிலும் உள்ளவற்றை அப்படியே விட்டுவிடலாம். கிடைப்பது 100, 100, 133, 167, 200, 200. இதுவே கலங்கலான நகல். முதல் வரிசையிலிருந்து இதைக் கழித்தால் 0, 0, -33, 33, 0, 0. இந்த வேறுபாட்டை முதல் வரிசையோடு கூட்டினால் 100, 100, 67, 233, 200, 200.

விளைவைக் கவனியுங்கள். ஓரத்தின் இருண்ட பக்கத்தில் 67 என்னும் ஒரு கருங்கோடும், வெளிச்சப் பக்கத்தில் 233 என்னும் ஒரு வெண்கோடும் புதிதாக முளைத்திருக்கின்றன. இவை சுவரில் இல்லாதவை. கண்ணோ ஓரங்களை வைத்தே கூர்மையை மதிப்பிடுகிறது. எனவே, 'ஆகா, தெளிவாகிவிட்டது' என்று மகிழ்கிறது. கோலத்தின் வெள்ளை இழையை எடுப்பாகக் காட்டச் செம்மண் பூசுவதைப் போன்றது இது. அளவோடு பூசினால் அழகு. அளவு மீறினால் கூரைக்கும் வானத்துக்கும் இடையே வெள்ளை விளிம்பு கட்டியதுபோல் தெரியும்.

அறிவியலில் இது அழகுப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. செவ்வாய்க் கோளைச் சிறு தொலைநோக்கியில் படம் பிடிக்கும் ஆர்வலர்களுக்கு நன்கு பழகிய தொல்லை ஒன்று உண்டு: கூர்மையைக் கூட்டக் கூட்டக் கோளின் விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வளைகோடு தோன்றும். அது செவ்வாயில் இல்லை, மென்பொருளில் பிறந்தது. நுண்ணோக்கிப் படத்தில் செல்லைச் சுற்றி இப்படி ஒரு வளையம் முளைத்தால், அதைச் செல்சுவர் என்று குறித்துவிடுபவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஷார்ப்பன் என்னும் பெயரின் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான். கேமராவில் குவியம் தவறிய படத்தை அது சரிசெய்யும் என்று பெயர் வாக்குத் தருகிறது. அதனால் முடிந்தது ஓரத்தில் கோடு போடுவது மட்டுமே.

இல்லாததை வைப்பவை

இதுவரை பார்த்த கருவிகள், இருந்த எண்களையே ஒரு விதிப்படி நகர்த்தின. இனி வருபவை வேறு இனம். 'குளோன்' கருவிக்கு ரப்பர் முத்திரையின் படமும், 'ஹீல்' கருவிக்கு மருந்துப் பட்டையின் படமும் போட்டிருக்கிறார்கள். முதலாவது, படத்தின் ஓரிடத்தில் உள்ள எண்களை எடுத்து மற்றோரிடத்தில் அப்படியே பதிக்கிறது. இரண்டாவது, பதித்தபின் சுற்றுப்புறத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் இழைத்துவிடுகிறது. பழைய படங்களின் கீறலையும் தூசியையும் மறைப்பதற்கு இவற்றுக்கு இணை இல்லை. அந்நாளில் ஸ்டூடியோவில் நெகட்டிவின்மேல் பென்சிலால் 'டச்சப்' செய்தவர் அரை நாள் குனிந்து செய்த வேலை இன்று அரை நிமிடத்தில் முடிகிறது.

என் அப்பத்தாவின் படம் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதை ஸ்கேன் செய்து, அசலைச் சித்தப்பா வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படமெங்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒரே சொடுக்கில் புள்ளியை நீக்கும் வசதி கொண்ட ஒரு மென்பொருளில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்தில் படம் துடைத்து வைத்த வெண்கலப் பாத்திரம்போல் ஆயிற்று. பெருமையோடு அத்தையிடம் காட்டினேன். அத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, எங்கம்மா மூக்குத்திய எங்கடா காணோம்?" என்றார்.

மூக்கின் பக்கத்திலிருந்த வெள்ளைப் புள்ளியையும் தூசி என்று எண்ணிச் சொடுக்கியிருக்கிறேன். கருவி கன்னத்துத் தோலை எடுத்து அங்கே வைத்து, தடம் தெரியாமல் இழைத்துவிட்டது. அதே கோப்பின் மேலேயே சேமித்தும் விட்டேன். சித்தப்பா வீட்டில் தேடியபோது, மழையில் ஊறிய சுவரில் மாட்டியிருந்த அசல் படம் பூசணம் பிடித்து முகமே தெரியாமல் போயிருந்தது.

தவறு என்னுடையதே. ஆயினும், மருந்துப் பட்டையின் படத்தைப் போட்டு 'ஆற்றுகிறேன்' என்று சொல்லும் கருவி, 'இங்கே நான் ஒன்றைப் புனைந்து வைக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் என் கை சற்றே தயங்கியிருக்கும். வெட்டும் கருவியும் புனையும் கருவியும் ஒரே பெட்டியில், ஒரே அளவில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது எல்லை ஒன்றைக் கடக்கிறோம் என்பதற்கு அடையாளமே இல்லை.

உலகறிந்த நிகழ்ச்சிகளும் உள்ளன. நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் 1982 பிப்ரவரியில், கிடையாக எடுத்த கீசா பிரமிடுகளின் படத்தை நெட்டுவாக்கிலான அட்டைக்குள் அடக்குவதற்காகப் பிரமிடுகளை ஒன்றையொன்று நெருங்கச் செய்து அச்சிட்டது, பெருங்கண்டனம் எழுந்தது. ஃபோட்டோஷாப் பிறப்பதற்கு முன்பே நடந்தது இது. 2006 ஆகஸ்டில், பெய்ரூட் நகரின் மீது குண்டுவீச்சுக்குப் பின் எழுந்த புகையைக் காட்டும் ராய்ட்டர்ஸ் செய்திப்படத்தில், ஒரே வடிவமான புகைச்சுருள்கள் அடுக்கடுக்காக இருப்பதை வாசகர்கள் கண்டுபிடித்தனர். குளோன் முத்திரையின் வேலை. அந்த ஒளிப்படக்காரரின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. அங்கே புகை எழுந்தது உண்மை. படத்தைத் தொடாமல் விட்டிருந்தால் அதையும் நம்பியிருப்பார்கள்.

ஆய்வேடுகளின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. எலிசபெத் பிக் என்னும் நுண்ணுயிரியலாளர், 40 இதழ்களில் 1995 முதல் 2014 வரை வெளியான 20,621 ஆய்வுக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்துச் சோதித்தார். 2016 இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவின்படி, நூற்றுக்கு 3.8 கட்டுரைகளில் ஒரே படம் வேறொன்றாக மீண்டும் காட்டப்பட்டிருந்தது. அவற்றுள் பாதிக்கேனும் வேண்டுமென்றே செய்த அறிகுறிகள் இருந்தன. மருந்தும் சிகிச்சையும் இத்தகைய படங்களை நம்பித்தான் ஆராயப்படுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

'ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி' என்னும் இதழ் 2002 முதல், ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களை எல்லாம் அச்சிடுமுன் சோதித்து வந்தது. அது வகுத்த விதிகளின் சாரம் எளியது. படம் முழுவதற்கும் ஒரே சீராகப் பிரகாசத்தை மாற்றலாம், ஆனால் அதனால் எதுவும் மறையக் கூடாது. ஒரு பகுதியை மட்டும் தனியே எடுப்பாக்கவோ மறைக்கவோ நகர்த்தவோ கூடாது. இரண்டு படங்களை இணைத்தால் இணைப்புத் தெரியும்படி கோடு போட வேண்டும். சோதனைக்கு அவர்கள் பயன்படுத்திய முறைதான் சுவையானது. படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து பிரகாசத்தையும் மாறுபாட்டையும் பலமாக மாற்றிப் பார்த்தார்கள்! கண்ணுக்கு ஒரே கறுப்பாகத் தெரியும் பின்னணியில், 3 என்னும் எண்ணுள்ள பகுதியும் 6 என்னும் எண்ணுள்ள பகுதியும் அடுத்தடுத்து இருந்தால் நமக்கு வேறுபாடு தெரியாது. எண்களை விரித்தவுடன் ஒட்டுப்போட்ட துணியின் தையல்போல ஓரங்கள் வெளியே வந்துவிடும். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு படத்தில் குளோன் முத்திரையால் எதையாவது மறைத்துவிட்டு, லெவல்ஸின் வெள்ளைக் குறியை 20 வரை இழுத்துப் பாருங்கள். இருண்ட பகுதியில் செய்த வேலையானால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

சேமிக்கும் முறை

கிம்ப்பைப் பற்றிப் பயனாளர்கள் அதிகம் திட்டும் ஒன்றைப் பாராட்ட விரும்புகிறேன். 2012 இல் வந்த 2.8 பதிப்பு முதல், 'சேமி' என்று அழுத்தினால் அது தன்னுடைய எக்ஸ்சிஎஃப் என்னும் வடிவில் மட்டுமே சேமிக்கிறது. ஜேபெக் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' என்று தனியாக ஏற்றுமதி செய்ய வேண்டும். இது தேவையற்ற சுற்றுவழி என்று பலர் சலித்துக்கொள்கின்றனர். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும், 8 க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் படத்தைப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. அடுக்குகளையும் ஒன்றாக்கி விடுகிறது. மூலப்படத்தின் மேலேயே கைதவறி எழுதிவிடாதபடி இந்தச் சுற்றுவழி ஒரு வேலியாக நிற்கிறது. மூக்குத்தியை இழந்தவனுக்கு அதன் அருமை தெரியும்.

பாராட்ட முடியாதது, கிம்ப்பின் தாமதம். செய்த மாற்றத்தை மூலப்படத்தில் கலக்காமல் தனி அடுக்காக வைத்துக்கொண்டு, பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நீக்கவோ இடமளிக்கும் வசதி ஃபோட்டோஷாப்பில் 1996 இலேயே வந்துவிட்டது. கிம்ப்பிலோ, வடிகட்டிகளையும் வண்ணத் திருத்தங்களையும் இப்படிக் கலக்காமல் வைத்துக்கொள்ளும் வசதி 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான் கிடைத்தது. ஏறத்தாழ 28 ஆண்டுகள்! ஊதியம் பெறாத ஆர்வலர்கள் பலரின் உழைப்பால் வளர்வது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், பழகுபவருக்கு மிகவும் தேவையானது இதுவே என்பதால் குறையைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் குளோன், ஹீல் வேலைகளை வெற்று அடுக்கு ஒன்றின் மேல் செய்யும் வழி கிம்ப்பில் முன்பே உண்டு. கருவியின் தேர்வுகளில், கண்ணுக்குத் தெரியும் எல்லா அடுக்குகளிலிருந்தும் எண்களை எடுத்துக்கொள் என்று குறித்துவிட்டால் போதும். கீழே மூலப்படம் தொடப்படாமல் இருக்கும். நாம் புனைந்தவை மட்டும் தனியே மேலே இருக்கும். பயிற்சி நூல்கள் இதை முதல் பாடமாக வைக்க வேண்டும்.

அத்தை விடவில்லை. மூக்குத்தியை வைத்துத் தரும்படி மறுபடியும் மறுபடியும் கேட்டார். தூரிகையால் ஒரு வெள்ளைப் புள்ளி. ஐந்து நொடி வேலை. எந்த மூக்கில், எவ்வளவு கீழே என்று அத்தையையே பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டு, தனி அடுக்கொன்றில் வரைந்தேன். அத்தை வீட்டுச் சுவரில் இப்போது மாட்டியிருப்பது அந்தப் படம். என் கணிப்பொறியில் உள்ள எக்ஸ்சிஎஃப் கோப்பில் அந்த அடுக்குக்கு 'நான் வரைந்தது' என்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன். அதன் பக்கத்திலுள்ள கண் குறியைச் சொடுக்கினால் மூக்குத்தி மறைந்துவிடும்.